படம் பார்த்தோர் பேச்சு

திரைப்படத்தைப்பற்றித் தமிழில் வரலாறுகள் பல எழுந்துள்ளன. படம் எடுத்தவர் வரலாறு உண்டு. நடித்தவர் வரலாறு உண்டு. பாட்டெழுதியவர், இசையமைத்தவர், கொட்டகை கட்டியவர் ஆகியோரைப்பற்றியும் நூல்கள் உண்டு. ஆனால், படம் பார்த்துவிட்டு வெளியே வந்தவர் என்ன பேசினார் என்பதை எழுதியவர் மிகச் சிலரே. காரணம் வெளிப்படை. படம் சுருளில் நின்றது. பாட்டு இசைத்தட்டில் நின்றது. பேச்சோ காற்றோடு போயிற்று.

“படம் எப்படி?” என்று ஒருவர் கேட்கிறார். “பரவாயில்லை” என்கிறார் மற்றவர். “பிற்பகுதி ஒரே இழுவை” என்கிறார் மூன்றாமவர். “பாட்டுக்காக ஒருமுறை பார்க்கலாம்” என்கிறார் நான்காமவர். நாள்தோறும் நம் காதில் விழும் இப்பேச்சைப் பொழுதுபோக்கென்று ஒதுக்கிவிடுகிறோம். ஆயினும், திரைப்படத் திறனாய்வு என்று இன்று மதிக்கப்படும் துறைக்கு வேர் இப்பேச்சே ஆகும். பேச்சோடு காரணம் சேர்ந்தபோது அது திறனாய்வாயிற்று. காரணம் கழன்றபோது வம்பாயிற்று, அல்லது விளம்பரமாயிற்று. தமிழகத்திலும் நம் வட சிலாங்கூர்த் தோட்டங்களிலும் நிகழ்ந்தவற்றைக் கொண்டு இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கூத்துக் களத்தில்

திரைப்படம் வருவதற்கு முன்பே, பார்த்ததைப் பேசும் பழக்கம் தமிழரிடம் இருந்தது. தெருக்கூத்துப் பார்க்கச் சென்றவனுக்குக் கதை புதியதன்று. பாஞ்சாலி கூந்தல் முடிவாள் என்பதும், கர்ணன் களத்தில் மடிவான் என்பதும் அவன் முன்னரே அறிந்தவை. ஆகையால், “அடுத்து என்ன நடக்கும்?” என்று அவன் கேட்கவில்லை, “இன்று எப்படி ஆடினார்கள்?” என்றே கேட்டான். துரியோதனன் வேடம் கட்டியவருக்குக் குரல் எடுக்கவில்லை என்பான். கட்டியக்காரன் சென்ற ஆண்டைவிட இவ்வாண்டு நன்றாகச் சிரிக்கவைத்தான் என்பான். விடியும் வேளையில் மத்தளம் தளர்ந்துவிட்டது என்பான். எழுத்தறியாத அவன் ஒப்புநோக்கிப் பேசினான். சான்று காட்டியும் பேசினான்.

தொல்காப்பியம் மெய்ப்பாடுகளை எட்டாகப் பகுத்து ஓர் இயலே வகுத்துள்ளது. அந்நூலின் பெயரைக்கூடக் கேட்டிராத பார்வையாளனும், அழுகை வரவேண்டிய இடத்தில் அழுகை வராவிட்டால் அதைக் கண்டுகொண்டான். இலக்கணம் நூலில் இருந்தது. அதன் பயன் களத்தில் இருந்தது. தமிழகத்திலிருந்து மலாயாத் தோட்டங்களுக்கு வந்தவர்கள் காமன் கூத்தையும் தெருக்கூத்தையும் உடன்கொண்டு வந்தார்கள். கூத்து முடிந்தபின் பேசும் இப்பழக்கமும் அவர்களோடு கடல் கடந்து வந்தது.

கேட்கப்படாத குரல்

திருச்சிராப்பள்ளியில் இரயில்வேயில் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1905ஆம் ஆண்டில் டூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கினார். கூடாரம் அடித்து ஊர் ஊராகச் சென்று படம் காட்டினார். 1914ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் ‘வெரைட்டி ஹால்’ என்ற நிலையான கொட்டகையை எழுப்பினார். அக்காலத்துப் படங்கள் ஊமைப்படங்கள். திரையருகே ஒருவர் நின்று கதையை உரக்க விளக்குவது வழக்கம். தமிழ்நாட்டில் படம் பேசக் கற்பதற்கு முன்பே, படத்தைப்பற்றிய பேச்சுக் கொட்டகைக்குள் நுழைந்துவிட்டது எனலாம்.

1927ஆம் ஆண்டில் இந்திய அரசு, சென்னை வழக்கறிஞர் தி. ரங்காச்சாரியார் தலைமையில் திரைப்பட விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. அக்குழு பல நகரங்களுக்குச் சென்று 353 பேரை விசாரித்து, 1928இல் அறிக்கை தந்தது. அதிகாரிகளும் வணிகர்களும் கல்வியாளர்களும் சமூகத் தலைவர்களும் அக்குழுவின்முன் பேசினார்கள். மேல்நாட்டுப் படங்களை எழுத்தறியாத மக்கள் பார்த்தால் என்ன நினைப்பார்களோ என்ற கவலை அவ்விசாரணையில் மீண்டும் மீண்டும் எழுந்தது. ஆனால், தரையில் அமர்ந்து படம் பார்த்தவன் அங்கே பெரும்பாலும் பேசப்படும் பொருளாகவே இருந்தான், பேசுபவனாக இல்லை. அவன் என்ன நினைக்கிறான் என்பதை அவனிடமே கேட்டறியும் எண்ணம் அன்று வேர்கொள்ளவில்லை.

எழுத்தில் ஏறிய பேச்சு

1931 அக்டோபர் 31ஆம் நாள், தமிழின் முதற் பேசும்படமாகிய ‘காளிதாஸ்’ வெளிவந்தது. எச். எம். ரெட்டி பம்பாயில் இயக்கிய அப்படத்தில் டி. பி. ராஜலட்சுமி தமிழில் பேசினார். கதைத்தலைவரோ தெலுங்கில் பேசினார். காளிதாசன் காலத்துக் கதைக்கு இடையே தியாகராசர் கீர்த்தனையும் நாட்டுப்பற்றுப் பாட்டும் வந்தன. இன்று கேட்போர்க்கு இது வியப்பாக இருக்கும். அன்று மக்கள் கூடியது, படம் பேசுகிறது, பாடுகிறது என்ற புதுமைக்காகவே. புதுமை தீர்ந்தபின்னரே, ‘என்ன பேசுகிறது? எப்படிப் பேசுகிறது?’ என்ற கேள்விகள் வலுப்பெற்றன.

அக்கேள்விகளைத் தமிழில் எழுத்தாக்கியவர்களுள் முன்வரிசையில் நிற்பவர் கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி. ‘ஆனந்த விகடன்’ இதழில் ‘ஆடல் பாடல்’ என்னும் பகுதியில் ‘கர்நாடகம்’ என்ற புனைபெயர் பூண்டு இசையையும் நடனத்தையும் நாடகத்தையும் திரைப்படத்தையும் அவர் மதிப்பிட்டார். அவர் கையாண்ட நடை புலவர் நடை அன்று. கொட்டகையில் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்தவர் வீடு திரும்பும் வழியில் பேசும் நடை. சிரிக்கச் சிரிக்கக் குறை சொன்னார். குறைக்குக் காரணமும் சொன்னார். தெருப்பேச்சின் சுவையையும் கற்றவரின் ஒழுங்கையும் ஒன்றாக்கியதே அவர் செய்த பணி.

ஆயினும், அச்சு ஏறியதும் கருத்துக்கு ஒரு சிக்கல் நேர்ந்தது. படத்தைப்பற்றி எழுதுவோரும் படத்தை ஆக்குவோரும் நெருங்கி வந்தார்கள். கல்கி எழுதிய ‘தியாகபூமி’ விகடனில் தொடராக வந்தபோதே கே. சுப்பிரமணியம் அதனைப் படமாக்கினார். படக் காட்சிகளே தொடர்கதைக்குப் படங்களாக அச்சாயின. 1939இல் அப்படம் வெளிவந்து, பின்னர் ஆங்கில அரசின் தடைக்கு உள்ளாயிற்று. விகடனின் உரிமையாளர் எஸ். எஸ். வாசன், 1940களில் ஜெமினி படநிலையத்தின் உரிமையாளராகவும் விளங்கினார். கல்கி 1941இல் தம் பெயரிலேயே இதழ் தொடங்கியபின், 1945இல் வெளிவந்த ‘மீரா’ படத்திற்குப் பாட்டெழுதினார். இவர்களைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அவர்கள் தொட்டதெல்லாம் தமிழ்க் கலைக்குப் பயன் தந்தது. ஆனால், ஒரே கை படத்தையும் ஏட்டையும் நடத்தும்போது, விலைக்குப் படாத கருத்தை வேறிடத்தில்தான் தேடவேண்டும் என்பது இங்கே எண்ணத்தக்கது.

அந்த வேறிடம் எது? கொட்டகை வாசல். அங்கே பாட்டுப் புத்தகம் விற்றது. கதைச் சுருக்கத்தைப் பாதியில் நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில் கண்டு மகிழுமாறு அது அழைக்கும். எழுத்தறிந்த ஒருவர் கையில் அப்புத்தகம் இருந்தால் பத்துப் பேர் சூழ்ந்து நின்று கேட்பார்கள். புத்தகம் சொன்ன கதையையும் திரையில் கண்ட கதையையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். விளம்பரத்திற்காக அச்சிட்ட தாள், மக்கள் கையில் ஒப்பாய்வுக் கருவியாயிற்று.

வம்பும் கருத்தும்

காரணம் கழன்ற பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 1940களில் சான்று உண்டு. சி. என். லட்சுமிகாந்தன் என்பவர் ‘சினிமா தூது’ என்றும், பின்னர் ‘இந்து நேசன்’ என்றும் இதழ்கள் நடத்தினார். அவற்றில் படங்களின் குணமும் குற்றமும் பேசப்பட்டதைவிட, நடிகர்களின் சொந்த வாழ்வே விற்பனைப் பொருளாயிற்று. 1944 நவம்பரில் அவர் குத்திக் கொல்லப்பட்டார். அவ்வழக்கில் எம். கே. தியாகராச பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் தண்டனை பெற்றுச் சிறை சென்றனர். பிரிவி கவுன்சில் வழக்கை மீண்டும் ஆராயுமாறு திருப்பி அனுப்ப, 1947இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. பாகவதரின் ‘ஹரிதாஸ்’ சென்னையில் மூன்று தீபாவளிகளைக் கண்டு ஓடிக்கொண்டிருந்தபோது, அதன் கதைத்தலைவர் சிறையில் இருந்தார். படத்தைப்பற்றிய பேச்சு ஆளைப்பற்றிய பேச்சாக மாறும்போது விளையும் கேட்டிற்கு இதனினும் பெரிய எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

1952 தீபாவளிக்கு வெளிவந்த ‘பராசக்தி’ மற்றொரு திருப்பம். மு. கருணாநிதி எழுதிய உரையாடலை மக்கள் மனப்பாடம் செய்தார்கள். படத்தைத் தடைசெய்ய வேண்டும் என்ற குரலும் எழுந்தது. “படம் எப்படி?” என்று கேட்டவனுக்குக் கிடைத்த விடை, விடை சொன்னவன் எந்தக் கட்சியைச் சார்ந்தவன் என்பதையும் சேர்த்துச் சொல்லிற்று. அதனால் ஒரு நன்மையும் விளைந்தது: படத்தின் உரையாடலை அப்படியே எடுத்துக்காட்டி வாதாடும் பழக்கம் பரவியது. ஒரு தீங்கும் விளைந்தது: படம் பார்க்குமுன்பே முடிவு செய்துவிடும் பழக்கமும் அதனோடு பரவியது.

மலாயாத் தோட்டத்துத் திடல்

இனி நம் ஊருக்கு வருவோம். சிலாங்கூரின் வடபகுதியில் உலு சிலாங்கூர் மாவட்டத்தில் அமைந்தது கோலா குபு பாரு. ‘பாரு’ என்ற மலாய்ச் சொல்லுக்குப் புதியது என்பது பொருள். 1883இல் அணை உடைந்து பேரழிவு கண்ட பழைய ஊர், பின்னரும் வெள்ளத்தாலும் வண்டலாலும் வருந்தியது. ஆகவே, சார்லஸ் ரீட் என்னும் நகரமைப்பு அறிஞரின் திட்டப்படி மேட்டு நிலத்தில் புதிய ஊர் எழுந்தது. கெர்லிங், களும்பாங், ராசா, பத்தாங் காலி, புக்கிட் தாகார் என்று சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள் பரந்திருந்தன. அவற்றில் பால்மரம் சீவியவர்களில் பெரும்பாலோர் தமிழர்.

1948 முதல் 1960 வரை அவசரகாலம். 1951 அக்டோபர் 6ஆம் நாள் ஆங்கில உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி சுட்டுக் கொல்லப்பட்டது, இவ்வூரை அடுத்த பிரேசர் மலைச் சாலையில்தான். அக்காலத்தில் அரசின் தகவல் துறை வண்டிகள், படக்கருவியும் மின்னாக்கியும் ஏற்றிக்கொண்டு கம்பங்களுக்கும் புதுக் கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் சென்றன. 1946இல் தோன்றிய மலாயாத் திரைப்படப் பிரிவு எடுத்த செய்திப் படங்களும் அறிவுரைப் படங்களும், நாட்டின் பல மொழிகளிலும் விளக்கவுரை பெற்று மக்களிடம் போயின. மக்களை ஒரு வழியில் நினைக்கச் செய்வதே அப்படங்களின் நோக்கம். அவற்றைத் தவிர, கோயில் திருவிழாவை ஒட்டியும், நிர்வாகம் ஏற்பாடு செய்யும் நாளிலும், வாடகைக்கு எடுத்த தமிழ்ப் படங்கள் தோட்டத்துத் திடலில் ஓடின. 1970களில் சிறுவர்களாக இருந்த எங்கள் தலைமுறையும் இதனைக் கண்டது.

இரண்டு கம்பங்களுக்கு நடுவே வெள்ளைத்துணி கட்டப்படும். முன்னால் நாற்காலிகளில் துரையும் கிராணிமாரும் அமர்வர்; பின்னால் பாயிலும் சாக்கிலும் தொழிலாளர் குடும்பங்கள் அமரும். தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் ஒன்றாக அமர்ந்த முதற்கலைக்கூடம் திரைப்படக் கொட்டகையே என்றும், அங்கே இடத்தை முடிவு செய்தது பிறப்பன்று, கட்டணமே என்றும் இலங்கைப் பேராசிரியர் கா. சிவத்தம்பி எடுத்துக்காட்டினார். தோட்டத்துத் திடலில் கூரையும் இல்லை, கட்டணமும் இல்லை; ஆயினும் நாற்காலிக்கும் பாய்க்கும் உள்ள வேற்றுமை இருந்தது. இடம் கிடைக்காதவர்கள் துணியின் மறுபுறம் சென்று அமர்ந்தார்கள். அவர்களுக்கு எழுத்துகள் தலைமாறித் தெரியும். வலக்கை வீரர் இடக்கையால் வாள் வீசுவார். எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும், பார்த்ததைப்பற்றிப் பேசும் உரிமை மட்டும் யாவர்க்கும் ஒன்றாக இருந்தது.

அப்பேச்சு வளர்ந்ததற்கு ஒரு கருவிக் காரணமும் உண்டு. ஊர் ஊராகச் செல்வோர் பயன்படுத்தியது 16 மில்லிமீட்டர்ப் படம். அதன் 1,600 அடிச் சுருள் ஏறத்தாழ 44 நிமிடம் ஓடும். மூன்று மணி நேரம் ஓடும் தமிழ்ப் படத்திற்கு நான்கு சுருள்களாவது வேண்டும். கருவி ஒன்றே இருக்கும் இடத்தில், ஒரு சுருள் முடிந்ததும் படத்தை நிறுத்தி அடுத்த சுருளை மாட்டவேண்டும். கதை உச்சத்தில் நிற்க, விளக்கு எரியும். அந்தச் சில நிமிடங்களில் திடல் முழுதும் பேசும். “அவன் குற்றவாளி அல்லன், பார்த்துக்கொண்டே இரு” என்பார் ஒருவர். “அப்படியானால் கடிதத்தை ஏன் மறைத்தான்?” என்பார் மற்றவர். காரணம் கேட்டு மறுக்கும் பயிற்சியைச் சுருள் மாற்றும் இடைவேளை இலவசமாகத் தந்தது.

வாழ்வே அளவுகோல்

மறுநாள் விடியலில் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்போது பேச்சுத் தொடரும். நிரை பிரிந்து மரம் சீவச் சென்றவர்கள், பால் நிறுக்கும் கொட்டகையில் கூடும்போது மீண்டும் எடுப்பார்கள். பெண்கள் குழாயடியில் பேசுவார்கள். அவர்கள் கையாண்ட அளவுகோல்களை இன்று எண்ணிப் பார்த்தால் மூன்றாகப் பகுக்கலாம்.

முதலாவது, தொழில் உண்மை. திரையில் விறகு வெட்டியாக வந்தவர் கோடரியைப் பிடித்த பிடியில் விறகு பிளக்காது என்பதை, கை காய்த்தவர்கள் உடனே கண்டார்கள். நாள் முழுதும் வயலில் உழைத்தவள் சேலையில் ஒரு துளி சேறும் இல்லையே என்று பெண்கள் சிரித்தார்கள்.

இரண்டாவது, உறவு உண்மை. மாமியார் கொடுமை தாங்காத மருமகள் தாய்வீட்டுக்குப் புறப்படுவது தமிழ்ப் படங்களில் வழக்கமான காட்சி. தாய்வீடு கப்பல் ஏறிப்போகவேண்டிய தொலைவில் இருந்த பெண்களுக்கு அக்காட்சி வேறு பொருள் தந்தது. “அவளுக்குப் போக ஓர் இடமாவது இருக்கிறது” என்று சொல்லிய தோட்டத்துப் பெண், அப்படத்தைத் தமிழகத்தில் எவரும் பார்க்காத முறையில் பார்த்தாள். அது கதையைப்பற்றிய கருத்துமட்டும் அன்று; தன் வாழ்வைப்பற்றிய தீர்ப்பும் ஆகும்.

மூன்றாவது, பேச்சும் பாட்டும். உரையாடலை ஒருமுறை கேட்டே திருப்பிச் சொல்லும் ஆற்றல் உடையோர் ஒவ்வொரு லயத்திலும் இருந்தனர். பாட்டின் சொல் புரியவில்லை என்றால், “இசை நன்று, சொல் விழுங்கிவிட்டது” என்று பிரித்துச் சொன்னார்கள்.

இங்கே ஒன்று தெளிவாகிறது. தமிழகத்தில் ஆக்கப்பட்ட படம் மலாயாத் தமிழனின் வாழ்வைக் காட்டவில்லை. அந்த இடைவெளியை இட்டு நிரப்பியது பேச்சு. திரையில் கண்ட ஊரையும் தான் வாழும் தோட்டத்தையும் ஒப்பிட்டுப் பேசியபோதெல்லாம், தான் யார் என்பதையும் அவன் தெளிந்துகொண்டான்.

கதைக்கு வகுப்பு, படத்திற்கு இல்லை

சிறுகதைக்கு வேறு வாய்ப்பு அமைந்தது. 1950ஆம் ஆண்டில் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். பின்னர் அவ்விதழில் பணியாற்றிய கு. அழகிரிசாமி, எழுதுவோரைக் கூட்டிப் படைப்புகளைப்பற்றிப் பேசவைத்தார். கதை படித்தவர் ‘நன்று’ என்று சொல்லி நிறுத்தாமல் ஏன் நன்று என்று சொல்லக் கற்றார்கள். இந்நாட்டுத் தமிழ் எழுத்து வளர்ந்ததற்கு இத்தகைய பயிற்சி பெருந்துணை புரிந்தது.

திரைப்படத்திற்கு அத்தகைய வகுப்பு வாய்க்கவில்லை. திரைப்படம் கல்விக்குப் பகை என்ற எண்ணம் ஆசிரியர்களிடம் வலுவாக இருந்தது. அவ்வெண்ணத்திற்கு அடிப்படை இல்லாமற் போகவில்லை: கண்விழித்துப் படம் பார்த்த மாணவன் மறுநாள் வகுப்பில் தூங்கினான். ஆயினும், கதைக்கு அரைமணி நேரம் செலவிட்டவன் படத்திற்கு மூன்று மணி நேரம் செலவிட்டான். அந்த மூன்று மணி நேரத்தைப்பற்றி அவனிடம் ஒரு கேள்வியும் கேளாமல் விட்டது கல்விக்கு இழப்பே.

திடல் கலைந்தது

1963 டிசம்பர் 28ஆம் நாள் மலேசியாவில் தொலைக்காட்சி தொடங்கியது. 1980களில் ஒளிநாடா வீட்டுக்கு வந்தது. 1996இல் ஆஸ்ட்ரோ தொடங்கியபின் வானவில் அலைவரிசை தமிழ் நிகழ்ச்சிகளை நாள்தோறும் தந்தது. திடலில் ஒன்றாக இருந்து பார்த்தவர்கள் வீடு வீடாகப் பிரிந்தார்கள்; பின்னர் கைப்பேசி வந்து வீட்டுக்குள்ளேயும் பிரித்தது. இதே காலத்தில் ரப்பர் நின்ற நிலத்தில் செம்பனை வந்தது, பல தோட்டங்களில் வீட்டுமனைகளும் தொழிற்சாலைகளும் எழுந்தன, லயங்கள் வெறுமையாயின. திடல் இருந்த இடம் சில தோட்டங்களில் புதராகிவிட்டது.

இதில் ஒரு முரண் உண்டு. பேசுவதற்கு ஒன்றுகூடும் இடம் குறைந்த காலத்தில்தான், நம்மைப்பற்றிய படங்கள் வரத்தொடங்கின. தீபக் குமாரன் மேனன் இயக்கிய ‘செம்மண் சாலை’ 2005இல் வந்தது. ரப்பர்த் தோட்டத்தில் படிக்க விரும்பும் பெண்ணின் கதை அது. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய ‘ஜகாட்’ 2015 இறுதியில் வந்தது. தோட்டத்தைவிட்டு நகர்ப்புறம் தள்ளப்பட்ட குடும்பங்களின் 1990களை அது காட்டியது. மலாய்ச் சொல் தமிழர் நாவில் உருமாறிய வடிவமே அதன் பெயர். தன் வீட்டுப் பேச்சைத் திரையில் கேட்ட பார்வையாளன், ‘நம் பேச்சு இப்படியா?’ என்று கேட்கும் நிலை அப்போது வந்தது.

2016ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில், தேசிய மொழியில் அமையாத படங்களுக்குத் தனிப்பிரிவு என்ற ஏற்பாட்டில் ‘ஜகாட்’ வைக்கப்பட்டது. எது மலேசியப் படம் என்ற வாதம் நாடெங்கும் எழுந்தது. தமிழர்மட்டும் அல்லர், மலாய்த் திரைக் கலைஞர்களும் குரல் கொடுத்தார்கள். இறுதியில் மொழி வேறுபாடின்றி எல்லாப் படங்களும் போட்டியிடும் பிரிவு அமைந்தது. ‘ஜகாட்’ சிறந்த மலேசியத் திரைப்படம் என்ற விருதைப் பெற்றது. படம் பார்த்தோர் பேச்சு காற்றோடு போகாமல் ஒரு விதியையே மாற்றிய நிகழ்ச்சி அது.

அதே ஆண்டு ஜூலை 22ஆம் நாள் பா. இரஞ்சித் இயக்கி ரஜினிகாந்த் நடித்த ‘கபாலி’ வெளிவந்தது. தோட்டத் தொழிலாளர் வரலாற்றைப் பெரும்படம் ஒன்று பேசியதே என்று ஒரு சாரார் மகிழ்ந்தனர். நம் இளைஞரைக் குண்டர் கும்பலோடு இணைத்துக் காட்டுவது தகுமா என்று மற்றொரு சாரார் வருந்தினர். இரண்டும் காரணத்தோடு கூடிய கருத்துகள். இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. மலேசியாவில் காட்டப்பட்ட படத்தின் இறுதியில், கபாலி காவல்துறையிடம் சரணடைந்தான் என்ற அறிவிப்புச் சேர்க்கப்பட்டிருந்தது. தமிழகத்தில் காட்டிய படத்தில் அது இல்லை. சென்னையில் பார்த்தவரும் ரவாங்கில் பார்த்தவரும் முடிவைப்பற்றி வாதிட்டால், இருவரும் பார்த்தது ஒரே படமா என்று முதலில் கேட்கவேண்டும். கருத்துக்கு முன்னே காட்சி தெளிவாக வேண்டும் என்ற பாடத்தை இது கற்பிக்கிறது.

ஆசிரியர் செய்யத்தக்கது

இன்றைய மாணவர் பார்க்கும் படங்கள் முன்னோர் பார்த்தவற்றைவிட மிகுதி. பேசும் சொற்களோ குறைவு. ‘சூப்பர்’, ‘போர்’ என்னும் இரண்டு சொற்களில் ஒரு படம் முடிந்துவிடுகிறது. எழுத்தறியாத பாட்டனிடம் இருந்த காரணம் எழுத்தறிந்த பேரனிடம் இல்லாமற் போனால், அது திரைப்படத்தின் குற்றமன்று. பேச்சுக்கு மறுபேச்சுக் கேட்கும் திடல் இல்லாமற் போனதே காரணம். அந்தத் திடலாகத் தமிழ்ப்பள்ளி அமையலாம்.

இதற்குப் புதிய பாடநூல் வேண்டியதில்லை. பேச்சுப் பயிற்சி வேளையில் நான்கு கேள்விகள் போதும். நீ கண்ட காட்சி எது? அது உனக்கு ஏன் பிடித்தது, அல்லது ஏன் பிடிக்கவில்லை? அதைப்போன்ற வேறு எதனோடு அதை ஒப்பிடுவாய்? உன் வீட்டிலோ ஊரிலோ அப்படி நடக்குமா? முதற்கேள்வி சான்று தருகிறது. இரண்டாவது காரணம் தருகிறது. மூன்றாவது ஒப்புநோக்குத் தருகிறது. நான்காவது வாழ்வை அளவுகோலாக்குகிறது. கூத்துக் களத்திலும் பிரட்டுக் களத்திலும் நம் முன்னோர் தாமே கேட்டுக்கொண்ட கேள்விகள் இவை. ‘ஏனென்றால்’ என்ற ஒரு சொல்லை மாணவன் தானாகச் சொல்லத் தொடங்கினால், அவன் கட்டுரையிலும் அது தானாக வந்து சேரும்.

ஒரு நல்ல பழக்கத்தையும் விதைக்கவேண்டும். நடிகரின் சொந்த வாழ்வு படத்தைப்பற்றிய கருத்தாகாது. ஒரு படம் வசூலித்த தொகையும் கருத்தாகாது. இவ்விரண்டையும் விலக்கிப் பேசப் பழகிய மாணவன், நாளை எந்த ஏட்டையும் எந்த விளம்பரத்தையும் கண்டு எளிதில் மயங்கான்.

இன்னும் ஒரு கடமை உண்டு. அதற்குக் காலம் குறைவு. 1950களில் திடலில் பாய் விரித்துப் படம் பார்த்த சிறுவர்கள் இன்று எழுபதையும் எண்பதையும் கடந்த முதியோர். அவர்கள் பார்த்த படங்களின் பெயர்ப் பட்டியல் எங்கும் கிடைக்கும்; அவற்றைப்பற்றி அவர்கள் பேசியது அவர்கள் நினைவிலன்றி வேறெங்கும் இல்லை. ஒவ்வொரு மாணவனும் தன் வீட்டு முதியோர் ஒருவரிடம் சென்று, “நீங்கள் பார்த்த படங்களுள் எது பொய் என்று தோன்றியது? ஏன்?” என்று கேட்டு எழுதிவரட்டும். வட சிலாங்கூரில் நான்கு பள்ளிகள் இதனை ஓராண்டு செய்தாலும், எந்த நூலகத்திலும் இல்லாத ஒரு வரலாறு நம் கைக்கு வரும்.

படம் எடுத்தவர் வரலாற்றைப் பிறர் எழுதிக்கொள்வர். படம் பார்த்தவர் வரலாற்றை அவர் மக்களே எழுதவேண்டும்.